கூட்டிச் சொன்ன எஸ்டிமேட்

ஜமால் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அதில் பாதி வரை கறுப்பாக ஏதோ இருந்தது.

"இதான் மேடம் உங்க கியர்பாக்ஸ் ஆயிலு. தண்ணி உள்ள போயிருந்தா எப்பிடி இருக்கும் தெரியுமா? பால் ஊத்துன காப்பி மாதிரி வெளுத்துப் போயிருக்கும். இது வெறும் டிக்காஷன். ஒரு சொட்டுத் தண்ணி போகல. மோந்து பாருங்க."

ஷ்ருதி முகர்ந்து பார்த்தாள். அடிபிடித்த பாத்திரத்தின் வாடை அடித்தது.

"எரிஞ்சிருக்கு," என்றார் ஜமால். "ஆட்டோமேட்டிக் வண்டில இன்ஜின் ஓடுனாத்தான் உள்ள ஆயிலு சுத்தும். இன்ஜின நிப்பாட்டிட்டு ரஸ்ஸிக் கயிறு கட்டி இழுத்தா சக்கரம் சுத்தும், உள்ள இருக்கதும் சுத்தும், ஆயிலு மட்டும் சுத்தாது. எண்ணெ ஊத்தாம தாளிச்ச கதைதான். நம்ம மாரிக்கண்ணன் அண்ணாச்சிக்கு மனசு தங்கம். ஆனா புத்தி டெம்போ புத்தி. தாராவியிலேருந்து சயானுக்கு மெதுவா இழுத்தாராம், அது பரவால்ல. மறுநா சயான்லேருந்து இங்க ஹைவேல பறந்து வந்திருக்காரு. என்கிட்டயே பெருமையாச் சொல்லுதாரு, அரை மணி நேரத்துல கொண்டாந்துட்டேன் பாய்னு."

செம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது அந்தப் பட்டறை. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்ததால் இருவரும் உரக்கத்தான் பேசினார்கள். நடுவில் அம்மாவின் கார் நின்றது. வெள்ளை நிறச் சின்னக் கார், வாங்கிப் பத்து வருடம் ஆகியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒரு விரல் உயரத்துக்குக் குருவாயூரப்பன். ஓட்டுநர் இருக்கையில் பூப்போட்ட குஷன். அம்மா குள்ளம். அது இல்லாமல் அவளுக்கு ரோடு தெரியாது.

"செலவு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள்.

"மூணு வழி இருக்கு. கம்பெனியிலேருந்து புதுசு வாங்கி மாட்டலாம். ரெண்டேகால் லட்சம் வரும், வண்டி வெலையே அதுதான். இல்ல, இதையே பிரிச்சு உள்ள போனத மட்டும் மாத்தலாம். எம்பது தொண்ணூறாயிரம் ஆகும், நான் கேரண்டி. இல்லேன்னா குர்லாவுல பங்கார்ல, அதான் பழைய இரும்புக் கடைல, கெடைக்குற பழைய பாக்ஸ். பாதி வெலைதான், ஆனா அது யாரு வண்டில என்ன பாடு பட்டதோ, அதுக்கு நான் பொறுப்பில்ல. நடுவுல உள்ளதச் செய்யுங்க. நல்ல வண்டி மேடம். ஓட்டுனவங்க அருமையா ஓட்டிருக்காவ. பிரேக் கட்டயப் பாத்தாலே தெரியுது."

அம்மா ஐம்பத்தெட்டாவது வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். இடது முழங்கால் கிளட்சை மிதிக்க ஒத்துழைக்காது என்பதால் ஆட்டோமேட்டிக் வாங்கினார்கள். அதன்பின் மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு, பஜனைக்குச் செம்பூருக்கு, யார் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு என்று எல்லாவற்றுக்கும் அவள்தான். அம்மாவின் பெயர் அபயம். பில்டிங்கில் அவளுக்கு 'அபயம் டிராவல்ஸ்' என்று பெயர். அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் பிரேக் என்று வருவார். ஃபியட் ஓட்டியவர். கியர் போடாமல் போகிற வண்டி ஒரு வண்டியா என்று அதைத் தொட்டதில்லை. "ஓட்டறேளா? இல்லேன்னா வாயை மூடிண்டு வாங்கோ," என்பாள் அம்மா. ஷ்ருதிக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. கோபர்கைரனேயில் வீடு, பாந்த்ராவில் ஆபீஸ். அவளுக்கு உலகம் முழுவதும் ரயில்தான்.

"தண்ணி போகலைன்னு நிச்சயமா சொல்றேளா? எங்கப்பா தண்ணி போயிடுத்துன்னுதான் சொல்றார்," என்றாள்.

அப்பா அதை ஒருவரிடம் அல்ல, துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் சொன்னார். பதின்மூன்றாம் நாள் காரியம் முடியும்வரை ஷ்ருதி அதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். ஒரு வார்த்தை மாறாது.

விடிய விடிய மழை. காலையில் காப்பி குடிக்கும்போது அபயத்துக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. டாக்ஸி கிடையாது. நானே ஓட்டறேன் என்று அபயம் சாவியை எடுத்தாள். அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பின் சீட்டில் சாய்த்தார். பிரேக்கை மிதிச்சுண்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ, அப்புறம் D-ல போடுங்கோ என்று அவள் சொல்லச் சொல்லக் கிளப்பினார். லேபர் கேம்ப் வழியாகத் தாராவிக்குள் நுழைந்து தொண்ணூறு அடி ரோட்டில் போகும்போது முன்னால் முழங்கால் தண்ணீர். வண்டிகள் நின்றன. தண்ணீரைக் கண்டால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திரு என்பது ஃபியட் காலத்துப் பாடம். அணைத்தார். முன் வண்டிகள் நகர்ந்ததும் சாவியைத் திருப்பினார். விளக்கெல்லாம் எரிந்தது, சத்தம் இல்லை. மறுபடி திருப்பினார். சத்தமே இல்லை. உள்ளே தண்ணீர் போய்விட்டது, அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது.

அபயத்துக்கு அதற்குள் பேச்சு நின்றிருந்தது. பின்னாலிருந்து கையை மட்டும் முன்னால் நீட்டினாள். ஜலம் கேட்கிறாள் என்று பாட்டிலைத் திறந்து கொடுத்தார். தட்டிவிட்டாள். மறுபடியும் நீட்டினாள். மறுபடியும் கொடுத்தார். "தாகம். ஆனா முழுங்க முடியலை, பாவம்," என்பார் அப்பா இந்த இடத்தில்.

இறங்கி நின்று கத்தினார். வெகுநேரம் கழித்து மாரிக்கண்ணன் என்ற டெம்போக்காரர் நிறுத்தினார். கயிறு தேடி வந்து கட்டி, நியூட்ரல்ல போடுங்கய்யா என்று சொல்லி, சயான் ஆஸ்பத்திரி வாசல் வரை இழுத்துக்கொண்டு போனார். வாசலில் உயிர் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் போய்விட்டது. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னார் டாக்டர். கொஞ்சம்னா எவ்வளவுன்னு நான் கேக்கலை."

ஷ்ருதி அப்போது மான்குர்துக்கு முன்னால் நின்றுவிட்ட ரயிலில் இருந்தாள்.

"நிச்சயமாவா?" என்று சிரித்தார் ஜமால். "வாங்க, காட்டுதேன்."

வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம்கூட ஓடவிடாமல் அணைத்துவிட்டு இறங்கினார்.

"இன்ஜினு ராஜா மாதிரி இருக்கு. ஏர் ஃபில்டர்ல ஈரமே இல்ல. பேட்டரி நல்லாருக்கு. போனது கியர்பாக்ஸ் மட்டுந்தான்."

"அப்போ அன்னிக்கு ஏன் ஸ்டார்ட் ஆகலை?"

"D-ல வெச்சே திருப்பிருப்பாரு. வேறென்ன?" ஜமால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "P-லயோ N-லயோ, அதான் பார்க்கிங்லயோ நியூட்ரல்லயோ இருந்தாத்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். D-ல இருந்தா சாவி ஒடியுற வரைக்கும் திருப்பினாலும் சத்தம் வராது. பழைய வண்டி ஓட்டுனவங்க வாரத்துக்கு ஒருத்தரு வருவாவ மேடம், வண்டி செத்துப்போச்சு பாய்னு. நான் போயி கியர் லிவர N-ல தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துட்டு ஒரு டீய வாங்கிக் குடிச்சிட்டு வருவேன். உங்கப்பா கூத்தப் பாருங்க, இழுக்குதுக்காக N-லயே போட்டிருக்காரு, சாவியும் ஆன்லதான் இருந்திருக்கும். இன்னும் ஒரு திருப்புத் திருப்பிருந்தா வண்டி பாட்டுக்குப் போயிருக்கும்! கியர்பாக்ஸும் பொழச்சிருக்கும்."

ஷ்ருதி காருக்குள் பார்த்தாள். பின் சீட்டிலிருந்து முன்னால் கையை நீட்டினால் அந்தக் கை எங்கே போகும் என்று பார்த்தாள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் போகும். லிவருக்குப் போகும்.

அங்கே கிடந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம்? என்னாச்சு? தண்ணி வேணுமா?"

"வேண்டாம்." அவள் காரின் பின் கதவைக் காட்டினாள். "பின் சீட்ல எங்கம்மா இருந்தா. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போயிண்டிருந்தா. அவளுக்கு மட்டும்தான் இந்த வண்டியை ஓட்டத் தெரியும்."

ஜமால் பாட்டிலைக் கீழே வைத்தார். தெரிஞ்ச ஐயா வண்டி, மழையில நின்னுபோச்சு என்று மட்டும்தான் மாரிக்கண்ணன் அவரிடம் சொல்லியிருந்தார். சிரித்த வாயை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல அவர் வெளியே மழையைப் பார்த்தார்.

"அம்மா இருக்காவளா?" என்றார் கடைசியாக.

இல்லையென்று ஷ்ருதி தலையசைத்தாள்.

"நான் ஒரு மடையன். வாய வெச்சிட்டு சும்மா இல்லாம..."

"நீங்க சொல்லலைன்னா வேற யாராவது சொல்லியிருப்பா. ஜமால் பாய், எனக்காக நீங்க ஒண்ணு பண்ணணும். அப்பா வண்டியைச் சரி பண்ணியே ஆகணும்னு நிக்கறார். சரியாச்சுன்னா ஒரு நாள் அவர் உக்காந்து D-ல வெச்சு சாவியைத் திருப்புவார். அப்புறம் N-ல வெச்சுத் திருப்புவார். எஸ்டிமேட்டைக் கூட்டிச் சொல்லுங்கோ. வேண்டாம், தூக்கிப் போடுன்னு அவரே சொல்ற மாதிரி."

"முப்பது வருசமா கொறச்சுச் சொல்லுங்க பாய்னு கால்ல விழாத கொறையா கேட்டவங்களத்தான் பாத்திருக்கேன்," என்றார் ஜமால். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு சொல்லட்டும்?"

*

மாட்டுங்கா வீட்டில் அப்பா சாப்பாட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவரின் கையெழுத்து, கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

"வா. காப்பி போட்டுக்கோ, டிகாக்ஷன் இருக்கு. இன்சூரன்ஸ்லேருந்து சர்வேயர் போன் பண்ணினா. வந்தனான்னு ஒரு மராத்திப் பொண்ணு. நல்ல மாதிரி. வண்டியை முந்தாநாளே பாத்துட்டாளாம். வெள்ளத்தால கெட்டதாத் தெரியலை, கயிறு கட்டி இழுத்ததால கெட்டதுக்கு கிளெய்ம் கிடையாதுங்கறா. என்ன நடந்ததுன்னு முதல்லேருந்து எழுதிக் குடுங்கோ, மேல கேட்டுப் பாக்கறேன்னா. எழுதிண்டிருக்கேன்."

"கிளெய்ம் வேண்டாம்பா. விட்டுடுங்கோ."

"ஏன் விடணும்? அன்னிக்கு வெள்ளம் இல்லையா? ஊரே பாத்ததே." அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "ஒண்ணு கேட்டா அவ. சாவியைத் திருப்பினபோது லிவர் எதுல இருந்ததுன்னு. ஏன் கேக்கறா அதை?"

ஷ்ருதி காப்பி டம்ளரைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டாள். "எல்லாரையும் கேக்கறதுதான். ஃபார்மாலிட்டி."

"அப்படியா."

அம்மாவின் டம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது. அதை நகர்த்தாமல் பக்கத்து டம்ளரை எடுத்தாள்.

"மெக்கானிக் என்ன சொன்னான்?"

"மூணரை லட்சமாம். உள்ள முழுக்க தண்ணி போயி எல்லாம் வீணாயிடுத்தாம். வண்டியே அவ்வளவு போகாதுப்பா. பங்காருக்குப் போட்டுடலாம்."

அப்பா தாளை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "பண்ணச் சொல்லு," என்றார்.

"அப்பா!"

"எஃப்.டி. இருக்கு. அவ பேர்ல போட்டதுதான். எதுக்கு வெச்சுக்கணும்?"

"ஓட்டப்போறது யாரு? உங்களுக்கு எழுபத்திரண்டு."

"ஓட்டறதுக்குன்னு யார் சொன்னா? ஓடணும். அவ்வளவுதான். ஒரு தடவை அது ஓடணும், கேட்டியா?" குரல் சட்டென்று உயர்ந்து இறங்கியது. "நாளைக்கு நானும் வரேன். மாரிக்கண்ணனுக்குப் போன் பண்ணியாச்சு. அவனும் வரான். அந்தப் பொண்ணு அவனையும் கூப்பிட்டு நீ இழுத்ததாலதான் போச்சுன்னு சொல்லியிருக்கா. பாவம், அழறான்."

தாளில் கடைசி வரி பாதியில் நின்றிருந்ததை ஷ்ருதி பார்த்தாள். 'நான் சாவியைத் திருப்பியபோது லிவர்' என்பது வரை எழுதியிருந்தார்.

பால்கனியில் உலர்த்தியிருந்த துணிகளுக்குப் பின்னால் நின்று ஜமாலுக்குப் போன் செய்தாள்.

"பாய், நாளைக்கு அப்பா வரார். அவர் கையால சாவியைத் திருப்பிப் பாப்பார்னு தோணறது. எதுல வெச்சுத் திருப்பினாலும் அது ஸ்டார்ட் ஆகக்கூடாது."

மறுமுனையில் ஜமால் யாரையோ சுத்தியலை நிறுத்தச் சொன்னார்.

"பேட்டரிய கழட்டிரலாம்," என்றார் ஜமால். உடனே, "இல்ல, வேணாம். அன்னைக்கு லைட்டு எரிஞ்சதுன்னு சொன்னியள்லா? பேட்டரிய எடுத்தா லைட்டு எரியாது, கண்டுபிடிச்சிருவாரு. ஸ்டார்ட்டருக்குக் கரண்டு விடுற ரிலேன்னு ஒண்ணு உண்டு. அத மட்டும் உருவிருதேன். லைட்டு எல்லாம் எரியும். சத்தம் வராது. மேடம், இத நல்லதுன்னு நெனைச்சுத்தான செய்யுதோம்?"

"தெரியலை பாய்."

*

மறுநாள் மழை விட்டிருந்தது. மாரிக்கண்ணன் பட்டறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். ஐம்பது வயதிருக்கும். வேலைக்குப் போகும் சட்டை இல்லை, தோய்த்து மடித்த சட்டை போட்டிருந்தார். அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கியதும் கையைக் கூப்பினார்.

"அய்யா, எனக்கு வெவரம் தெரியாதுய்யா. எத்தனையோ வண்டிய இழுத்திருக்கேன். இது இப்பிடின்னு ஒருத்தனும் சொல்லல. அந்த மேடம் போன்ல சொன்னதுலேருந்து சோறு எறங்கலைய்யா. அம்மா வண்டிய நானே..."

"பேசாம இரு மாரிக்கண்ணா," என்றார் அப்பா. அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "நீ இழுக்கலைன்னா அவ ரோட்டுலயே போயிருப்பா. தண்ணிக்கு நடுவுல. நின்ன வண்டிக்குள்ள. நான் ஒண்ணும் பண்ணத் தெரியாம நின்னேன், நீ வந்தே. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவ உயிரோட வந்தான்னா அது உன்னால. கியர்பாக்ஸ் போனாப் போறது. இன்னொரு தடவை இதை நீ பேசப்படாது."

மாரிக்கண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஷ்ருதிக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. வண்டியை இழுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, தவறு உங்களுடையது அல்ல என்று சொல்லி அந்த அழுகையை நிறுத்த அவளால் முடியும். சொல்லவில்லை.

"அண்ணாச்சி, உள்ள வாங்க," என்று ஜமால் குரல் கொடுத்தார். "நீரு ஹைவேல ராக்கெட் விட்டதுக்கு உமக்குத் தனியா பில்லு போட்டுக்கிடுதேன். முதல்ல டீயக் குடியும்."

பிறகு அவர் அப்பாவுக்கு எஸ்டிமேட்டைச் சொன்னார். எந்தெந்தப் பகுதி, எவ்வளவு, வேலைக்கூலி எவ்வளவு என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரியான பகுதிகளின் பெயர்கள்தான், விலைகள்தான் பொய். இத்தனை வருடமாக உண்மையாகச் சொல்லிப் பழகிய வாய் என்பதால் இரண்டு இடத்தில் தடுமாறினார். அப்பா கணக்குப் பிரிவுக்காரர். சாதாரண நாளாக இருந்திருந்தால் அந்த இரண்டு இடத்திலும் பிடித்திருப்பார். இன்று அவர் கேட்கவேயில்லை. காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ நான் உள்ள உக்காரலாமா?" என்றார்.

ஜமால் ஷ்ருதியைப் பார்த்தார். "உக்காருங்க சார். ஆனா ஓடாது."

"தெரியும்."

அப்பா கதவைத் திறந்து உட்கார்ந்தார். இருக்கை அம்மாவின் அளவுக்கு முன்னால் இழுத்திருந்தது. அவருடைய முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடித்தன. பின்னால் தள்ளிக்கொள்ள அவர் முயலவில்லை. "அன்னிக்கும் இப்படித்தான் உக்காந்தேன்," என்றார் யாரிடம் என்றில்லாமல். "சீட்டைத் தள்ளக்கூடத் தோணலை."

ஷ்ருதி பின் கதவருகே நின்றாள். ஜமால் காலையில் அவளிடம் கொடுத்த ரிலே அவள் கையில் இருந்தது. கறுப்பாக, தீப்பெட்டியில் பாதி அளவு. அதை எங்கேயாவது வைத்திருக்கலாம், பட்டறை முழுக்க இடம் இருந்தது. கையிலேயே வைத்திருந்தாள்.

அப்பா பிரேக்கை மிதித்தார். லிவரை இழுத்து D-யில் வைத்தார். சாவியைத் திருப்பினார். முன்னால் விளக்குகள் எரிந்தன. குருவாயூரப்பன் மேல் சிவப்பாகக் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. சத்தம் இல்லை.

"இதேதான்," என்றார். "இப்படித்தான் இருந்தது. லைட் எரியறது, சத்தம் இல்லை."

மறுபடி ஒரு தடவை திருப்பினார். பிறகு சாவியிலிருந்து கையை எடுத்து லிவர் மேல் வைத்தார். வைத்தபடியே இருந்தார். சந்தின் கோடியில் ரயில் ஒன்று போயிற்று. அது போய் முடியும்வரை அவர் அசையவில்லை. அப்பா எதற்காக மூன்றரை லட்சம் கொடுக்கத் தயாராக இருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுவதுமாகத் தெரிந்தது. அம்மாவின் நினைவுக்காக அல்ல. இந்த ஒரு திருப்புக்காக.

லிவரை முன்னால் தள்ளினார். N.

"நீ நியூட்ரல்ல போடச் சொன்னியே, மாரிக்கண்ணா. போட்டேன். அப்புறம் சாவியைத் தொடவே இல்லை."

"ஆமாய்யா," என்றார் மாரிக்கண்ணன், எதற்குச் சொல்கிறார் என்று விளங்காமல்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சாவியைத் திருப்பினார்.

விளக்குகள் எரிந்தன. வேறொன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தார். மறுபடி திருப்பினார். மறுபடியும். தவறாகச் செய்கிறோமோ என்று லிவரை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, N என்ற எழுத்தை விரலால் தொட்டுவிட்டு, இன்னொரு முறை திருப்பினார்.

"வரலை," என்றார்.

"அதான் சார், தண்ணி போயிருக்கு," என்றார் ஜமால். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கும் வந்திருக்காது."

"எதுல வெச்சாலும்?"

"எதுல வெச்சாலும்."

அப்பா ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழாமல் நின்றவர். மாரிக்கண்ணன் ஓடிவந்து தோளைத் தொடப் போனார். ஜமால் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். டீக்கடைப் பையன் கொண்டுவந்து வைத்த கிளாஸ்கள் பானெட்டின் மேல் ஆறிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா நிமிர்ந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். முகம் தெளிந்திருந்தது. இத்தனை நாளில் ஷ்ருதி பார்க்காத முகம்.

"மூணரை லட்சமெல்லாம் வேண்டாம் ஜமால் பாய். பங்காருக்கே போட்டுடுங்கோ. இதுக்கு மேல இது எனக்கு எதுக்கு?" என்றார். பிறகு குஷனைத் தனக்குக் கீழிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டார். "இதை மட்டும் எடுத்துக்கறேன்."

இறங்காமல் அப்படியே திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். அங்கே அன்றைக்குக் கிடந்த தண்ணீர் பாட்டில் இன்னும் கிடந்தது. மூடி இல்லாமல், அடியில் கொஞ்சம் தண்ணீரோடு.

"ஷ்ருதி."

"என்னப்பா?"

"அந்த வந்தனா கேட்டதுலேருந்து ராத்திரியெல்லாம் ஒரே யோசனை. அவ எதுக்குக் கையை நீட்டினா, எதைக் காமிச்சான்னு. ரெண்டு தடவை நீட்டினாளே, என்னமோ சொல்ல வந்தாளோன்னு." அப்பா அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "ஒண்ணுமில்லை. ஜலம்தான் கேட்டிருக்கா."

ரிலேயின் முனைகள் ஷ்ருதியின் உள்ளங்கையில் குத்தின. விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஆமாம்ப்பா," என்றாள். "ஜலம்தான் கேட்டிருக்கா."